உஷார்! கடைவாய் ஈறு வீங்கி, வலி மட்டும் நின்றுவிட்டதா?

கடைசிப் பல்லை ஒட்டி ஈறு பொம்மென்று வீங்கியிருக்கிறது. மருந்துக்கடையில் “பல்லு வலிண்ணா” என்று நின்றால், அட்டையிலிருந்து நாலு மாத்திரையைக் கத்தரித்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். மறுநாள் வலி போய்விடுகிறது. சாப்பிட முடிகிறது, தூங்க முடிகிறது. ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

திருவண்ணாமலை வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் இருக்கிறது. அங்கே வேலைக்கு வருகிறவர்கள், மனு கொடுக்க கிராமத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள், பௌர்ணமி வியாபாரத்துக்குக் கடை போடுகிறவர்கள் என்று யாரைக் கேட்டாலும் பல்லுக்கென்று ஒரு நாளை ஒதுக்கியிருக்க மாட்டார்கள். வீங்கின தாடையோடு 14 கிலோமீட்டர் கிரிவலம் சுற்றுகிறவர்கள்கூட உண்டு. தாங்கும் சக்தியைக் குறை சொல்லவில்லை. ஆனால் பல் விஷயத்தில் அது உதவாது.

வலி ஏன் திடீரென்று நிற்கிறது? சொத்தை ஆழமாகி, பல்லுக்குள் இருக்கும் நரம்பையும் ரத்தக் குழாயையும் கிருமி கொன்றுவிட்டது. செத்த நரம்பு வலிக்காது. ஆனால் வேர் நுனியில் சீழ் சேர்ந்துகொண்டே இருக்கும். எலும்பை அரித்து வழி கண்டுபிடித்து, ஈறில் ஒரு கொப்புளமாக எட்டிப் பார்க்கும். அது உடைந்தால் வாயில் உப்புக் கரிக்கும், நாறும், வீக்கம் வற்றும். பத்து நாளோ இரண்டு மாதமோ கழித்து அதே இடத்தில் மறுபடி வரும். எத்தனை அட்டை மாத்திரை விழுங்கினாலும் இது தீராது. மருந்து ரத்தத்தில்தான் போகிறது, ரத்த ஓட்டமே இல்லாத பல்லுக்குள் அது எப்படி நுழையும்? எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து வேர் சிகிச்சை செய்ய வேண்டும், அல்லது பல்லை எடுக்க வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

வயது பதினேழிலிருந்து இருபத்தைந்துக்குள் என்றால் முதல் சந்தேகம் ஞானப்பல் மேல்தான். இடமில்லாத தாடையில் அது பாதி முளைத்து நிற்கும். மேலே ஒரு சதை மூடியிருக்கும், அதற்கடியில் சோறு, பருப்பு, மல்லாட்டைத் தோல் எல்லாம் போய் அழுகும். வீங்கின அந்தச் சதையையே மேல் பல் கடித்துக் கடித்துப் புண்ணாக்கும். காது வரை வலி இழுக்கும். வாயைத் திறந்து உங்கள் மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கி நுழைத்துப் பாருங்கள். நேற்று நுழைந்தது இன்று நுழையவில்லை என்றால் தொற்று தாடைத் தசைக்குள் இறங்குகிறது. அன்றைக்கே டாக்டரிடம் போகவேண்டும்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்குச் சொத்தையே இல்லாமலும் ஈறு வீங்கும். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே காறை படிந்து, பை போல இடைவெளி விழுந்து, அதில் சீழ் பிடிக்கும். பல் லேசாக ஆடும். இப்படி அடிக்கடி வந்தால் பல்லைப் பார்ப்பதோடு ரத்தச் சர்க்கரையையும் பாருங்கள். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது. மீன் முள், தட்டை வடையின் துணுக்கு மாட்டியும் வீங்கலாம். அதை ஊக்கால் குத்தி எடுக்கிறேன் என்று புண்ணாக்கிக்கொள்கிறவர்கள்தான் அதிகம். வலிப்பு நோய்க்குத் தரும் ஃபெனிடாயின், பிரஷருக்குத் தரும் அம்லோடிபின் போன்ற மாத்திரைகளாலும் ஈறு தடிக்கும். அப்படித் தோன்றினால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். கர்ப்பிணிகளுக்கும் ஈறு வீங்கி ரத்தம் கசியும்.

ஹான்ஸ், குட்கா, வெற்றிலையோடு புகையிலை என்று கன்னத்தில் அடக்கும் பழக்கம் இருந்தால் மட்டும் கணக்கே வேறு. தமிழ்நாட்டில் குட்காவுக்கு 2013-லேயே தடை வந்துவிட்டது. கிடைக்கிறதா இல்லையா என்பது உங்களுக்கே தெரியும். கன்னமும் ஈறும் சேரும் அந்தப் பள்ளம்தான் நம் நாட்டில் வாய்ப்புற்று அதிகம் பிடிக்கும் இடங்களில் ஒன்று. வலிக்காத தடிப்பு, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், காரணமில்லாமல் ஆடும் பல் என்று எது இருந்தாலும் “பல் சூடு” என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

வீட்டு வைத்தியத்தில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரால் கொப்பளிப்பது நல்லது. மற்றதெல்லாம் யோசிக்க வேண்டியவை. வலி மாத்திரையைப் பொடித்து ஈறில் அடக்கினால் சதை வெந்துபோகும். கிராம்பு எண்ணெயை அப்படியே ஊற்றினாலும் அதே கதி. கன்னத்தில் சூடான ஒத்தடம் வைத்தால் சீழ் வெளிப்பக்கமாக இழுத்து, கன்னத்துத் தோலையே உடைத்துக்கொண்டு வரலாம். கண்டங்கத்திரி விதைப் புகையில் விழும் ‘பல் பூச்சி’ பல்லிலிருந்து வந்ததல்ல, பல்லில் பூச்சியே கிடையாது. குழந்தைக்குக் கன்னம் வீங்கினால் பொன்னுக்கு வீங்கி என்று தங்கச் சங்கிலியைப் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள், வாயைத் திறந்து கடைவாயையும் பாருங்கள். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்ற பயமும் தலைகீழானது. பிடுங்காமல் விட்ட சீழ்தான் கண் பக்கம் ஏறும்.

கீழ்க் கடைவாய்ச் சீழ் கழுத்துக்கு இறங்குவது இன்னும் மோசம். நாக்குக்கு அடியில் இரண்டு பக்கமும் தொற்று பரவி, நாக்கை மேலே தள்ளி, மூச்சுக் குழாயை அடைக்கும் நிலையை 1836-ல் லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்தார். இன்றும் அது அவர் பெயரில்தான் இருக்கிறது, இன்றும் அதற்குச் சொத்தைப் பல்தான் முக்கியக் காரணம்.

இன்னொரு உஷார், டாக்டரிடம் போனபிறகு. பக்கத்துத் திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் நடந்தது இது. 2022 ஜூலை முதல் 2023 ஏப்ரல் வரை வட மாவட்டங்களில் 21 பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் வந்தது. வேலூர் சி.எம்.சி. உள்ளிட்ட நிறுவனங்களின் ஆய்வாளர்கள் துருவியதில், 10 பேர் வாணியம்பாடியில் ஒரே பல் கிளினிக்குக்குப் போனவர்கள் என்று தெரிந்தது. அந்தப் பத்தில் எட்டுப் பேர் இறந்தார்கள். மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் இந்த நோயின் கிருமி, திறந்து வைத்துத் திரும்பத் திரும்ப உபயோகித்த சலைன் பாட்டிலில் இருந்தது. சுத்தம் செய்யாத கருவியால் அந்தப் பாட்டிலைத் திறந்திருக்கிறார்கள். ஆய்வு 2025-ல் வெளியானபோதுதான் ஊருக்கே விஷயம் தெரிந்தது.

அதற்காகப் பல் டாக்டரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள். நாற்காலியில் உட்காருமுன், “டாக்டர், ஊசி புதுசா? சலைன் இப்ப பிரிச்சதா? கருவியெல்லாம் ஸ்டெரிலைஸ் பண்ணதா?” என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார், பொட்டலத்தை உங்கள் முன்னாலேயே பிரித்துக் காட்டுவார். சர்க்கரை, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, ஒத்துக்கொள்ளாத மருந்து எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

காய்ச்சலோடு தாடைக்கடியில் கல் மாதிரி வீக்கம், எச்சில் விழுங்க முடியாமல் வழிவது, குரல் கரகரப்பது, படுத்தால் மூச்சு முட்டுவது, கண் வீங்கி மூடிக்கொள்வது. இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், பல் கிளினிக்கையும் தேடாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டுத் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், நோயாளியைப் படுக்க வைக்காமல் உட்கார வைத்தே கூட்டிப்போங்கள்.