விண்வெளித் தூசியும் ஆய்வுகூடப் புகைக்கரியும்

விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளி வெறும் பாழன்று. ஆங்கு நுண்ணிய தூசி பரந்துள்ளது. அது தொலைவிலுள்ள விண்மீன்களின் ஒளியை மங்கச் செய்கின்றது என்பதை, விண்மீன் கொத்துக்களை ஆராய்ந்து 1930ஆம் ஆண்டில் நிறுவியவர் றொபேட் திறம்பிளர். சிவப்பொளியினும் நீலவொளி மிகுதியாகத் தடைப்படுதலால், தூசியினூடே தோன்றும் விண்மீன் சிவந்து காணப்படும்.

இத்தூசி எப்பொருளாலானது? தொலைமுகில்களுக்குச் சென்று அதனை அள்ளிவருதல் இயலாது. ஆதலின், அறிஞர் பூமியிலுள்ள பொருள்களை நுண்டுகள்களாக்கி, எந்த அலைநீள ஒளியை அவை எவ்வளவு உறிஞ்சும், எவ்வளவு சிதறடிக்கும் என அளந்து, விண்மீனொளியோடு ஒப்பிடுவர். பொருளின் முறிவுச் சுட்டி தெரியின், கோளவடிவத் துகளின் செயலை 1908இல் குஸ்தாவ் மீ வகுத்த முறையாற் கணிக்கலாம்.

1962இல் பிரெட் ஹொயிலும் கொழும்பிற் பிறந்த சந்திரா விக்கிரமசிங்கவும், அத்தூசி காரீயத் துகளாயிருக்கலாம் என்றனர். 1965இல் றொக்கற்று மூலம் பெற்ற அளவீடுகள், ஊதாக்கடந்த பகுதியில், 217.5 நனோமீற்றர் அளவில் ஓர் உறிஞ்சல் உச்சத்தைக் காட்டின. காரீயமும் அதனை அண்மிய அலைநீளத்தில் வன்மையாக உறிஞ்சுவதால் அக்கருத்து வலுப்பெற்றது.

இவ்வுச்சத்தை ஆய்வுகூடத்திற் பெற விரும்பி, ஜேர்மனியரான கிறாச்மரும் அமெரிக்கரான ஹவ்மனும் ஈலிய வாயுவிற் காரீயக் கோல்களை மின்னாற் சூடாக்கிப் புகைக்கரி திரட்டினர். வாயுவின் அமுக்கத்தைக் கூட்டியபோது எதிர்பாராத உச்சங்கள் சில தோன்றின. 1985இல் குறோட்டோ, சிமோலி, கேள் என்போர் அறுபது காபனணுக்கள் பந்துபோல் இணைந்த மூலக்கூறைக் கண்டறிந்தனர். தம் புகைக்கரியிலும் அதுவே இருந்ததெனக் கிறாச்மர் குழுவினர் உணர்ந்து, 1990இற் பென்சீனிற் கரைத்துப் பிரித்தெடுத்தனர்.

ஆயினும், முதல் வினா முற்றத் தீரவில்லை. காரீயத் துகளின் பருமனும் வடிவமும் மாற உச்சமும் இடம்பெயரும். வானிலோ எத்திசை நோக்கினும் அது ஏறத்தாழ ஓரிடத்திலேயே நிற்கின்றது. ஓர் உச்சம் ஒத்தமை மட்டும் சான்றாகாது. மாறாக, ஓர் இலத்திரனை இழந்த அப்பந்து மூலக்கூற்றை மிகக் குளிர்ந்த நிலையில் அளந்த பேசல் ஆய்வாளர், 2015இல் அதன் உறிஞ்சற் கோடுகளின் இடமும் அகலமும் விண்வெளிக் கோடுகளோடு பொருந்துதலைக் காட்டினர். பல பண்புகள் ஒருங்கே ஒத்தமையால் அம்முடிவு ஏற்புடைத்தாயிற்று.

ஒப்புமை ஆய்வுக்கு வழிகாட்டும். அளவீடே அதனை உண்மையாக்கும்.