உங்களுக்குத் தெரியுமா? தீ இல்லாத இடத்தில் பொங்கிய நுரை

கார் து நோரில் ஆர்.ஈ.ஆர். பி ஏறினால் மூன்றாவது தரிப்பு லு பூர்ஜே. அங்குள்ள விமான அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருப்பீர்கள். 1990 மே மாதம் அந்த அருங்காட்சியகத்தின் சேமிப்புக் கொட்டகை ஒன்றில் பிடித்த தீயில் 40க்கும் மேற்பட்ட பழைய விமானங்கள் எரிந்துபோயின. விமானக் கொட்டகை வைத்திருப்பவர்கள் தீக்கு அவ்வளவு அஞ்சுவதற்குக் காரணம் உண்டு.

விமான எரிபொருள் பற்றினால் தண்ணீர் மட்டும் போதாது. எரிபொருள் தண்ணீருக்கு மேலே மிதந்து எரியும். அதற்காக 1960களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடமும் 3எம் நிறுவனமும் சேர்ந்து ஒரு நுரையை உருவாக்கின. எரிபொருளின் மேல் மெல்லிய படலமாகப் படர்ந்து, காற்றுப் படாமல் மூடிவிடும். 1967 ஜூலை 29இல் ஃபொரஸ்டல் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் மூண்ட தீ 134 பேரைப் பலியெடுத்தது. அதன்பிறகு இந்த நுரை வேகமாகப் பரவியது. இராணுவ விமானக் கொட்டகைகளில் வெப்பத்தையோ சுவாலையையோ உணர்ந்ததும் தானாகவே நுரையைக் கொட்டும் குழாய்கள் வந்தன.

உணரும் கருவி பிழைவிட்டால்? ஜப்பானின் ஒகினாவாத் தீவில், ஃபுதென்மா அமெரிக்கத் தளத்தில், 2020 ஏப்ரல் 10 அன்று படையினர் விமானக் கொட்டகை அருகே பார்பிக்யூ போட்டார்கள். அடுப்பு வெக்கையைத் தீயென்று எடுத்துக்கொண்ட கருவி நுரையைத் திறந்துவிட்டது. கொட்டியது சுமார் 2 இலட்சத்து 27 ஆயிரம் லீற்றர். அதில் 1 இலட்சத்து 40 ஆயிரம் லீற்றருக்கும் மேல் தளத்தின் வேலியைத் தாண்டிப் போனது. பக்கத்து கினோவான் நகரத்து ஆற்றில் வெள்ளைக் கட்டிகள் மிதந்தன, குடிமனைகளுக்கு மேலே காற்றில் பறந்தன. அந்த மக்கள் கேட்காத நுரை அது.

அதே அமெரிக்காவின் புளோரிடாவில், எக்ளின் விமானப்படைத் தளத்தில், 2014 ஜனவரியில் நடந்ததை நினைத்தால் மனம் பதறுகிறது. தீ எதுவும் இல்லை. ஆனாலும் கொட்டகைக்குள் நுரை ஆள் உயரத்தைத் தாண்டி எழுந்தது. ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவர் அதற்குள் அகப்பட்டு இறந்தார். இது வேறு வகை நுரை: ஒரு லீற்றர் கரைசல் நூற்றுக்கணக்கான லீற்றராகப் பொங்கும். உள்ளே நிற்பவருக்குக் கண் தெரியாது, காது மந்தமாகும், மூச்சோடு நுரையும் போகும். வாசல் நான்கு அடி தள்ளி இருந்தாலும் கண்டுபிடிக்க ஏலாது.

2024 ஆகஸ்ட் 19. அமெரிக்காவின் மேன் மாநிலத்தில் பிரன்ஸ்விக். 2011இல் மூடப்பட்ட கடற்படைத் தளம். அதன் பிறகும் அங்கே ஒரு கொட்டகையும் அதன் நுரைத் தொட்டியும் இருந்தன. தீ இல்லாமலேயே நுரைத் தொகுதி இயங்கி, சுமார் 5,500 லீற்றர் செறிவுக் கரைசல் தண்ணீரோடு கலந்து வெளியேறியது.

கழுவிவிட்டால் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். படலமிடும் நுரையில் பிஃபாஸ் வகை இரசாயனங்கள் உள்ளன. கார்பனும் புளோரினும் கோத்த அந்தப் பிணைப்பு இயற்கையில் இலகுவில் அறுபடாது. அதனால்தான் பிரெஞ்சுக்காரர் ‘பொல்யுயான் எத்தெர்நெல்’, என்றும் அழியா மாசு, என்கிறார்கள். இது அமெரிக்கக் கதை மட்டுமல்ல. சுவிஸ் எல்லையோரம் சேன் லூயி பகுதியில், 2025 ஏப்ரலில், 11 ஊர்களில் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் நோய் எதிர்ப்புக் குறைந்தவர்களும் குழாய்த் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று அறிவித்தார்கள். அந்த ஊர்களில் சுமார் 60,000 பேர் வாழ்கிறார்கள். பாசல்–முல்ஹவுஸ் விமான நிலையத்தில் 2017 வரை பயன்படுத்திய தீயணைப்பு நுரை நிலத்தடி நீரில் இறங்கியதே காரணம்.

பயன் ஒருபுறம், பாதிப்பு மறுபுறம் என்று நிறுத்துப் பார்த்த அமெரிக்க விமானப்படை, 2021இல் கொட்டகை நுரைத் தொகுதிகளைக் கைவிடும் கொள்கைக்கு வந்தது. சரியான முடிவு, பிந்திய முடிவு.

ஐரோப்பிய ஒன்றியமும் 2025 அக்டோபரில் பிஃபாஸ் கலந்த தீயணைப்பு நுரைகளைப் படிப்படியாகத் தடைசெய்யும் விதியைக் கொண்டுவந்தது. கையில் தூக்கும் கருவிகளும் இதில் அடக்கம்.

இது லாச்சப்பல் கடைகளுக்கும் உரியது. சுவரில் தொங்கும் சிவப்பு உருளையில் ‘ஓ’ என்ற சொல்லோடு ‘அதித்திஃப்’ என்றும் எழுதியிருந்தால், அதற்குள் இந்த வகை நுரைக் கரைசல் இருக்கக்கூடும். வருடாந்தப் பரிசோதனைக்கு ஆள் வரும்போது ‘சான் ஃபுளுவோர்’, அதாவது புளோரின் இல்லாதது, தரச் சொல்லிக் கேளுங்கள். குசினியில் எண்ணெய்த் தாச்சி இருந்தால், உருளையில் ‘எஃப்’ எழுத்து உண்டா என்றும் பாருங்கள். பழைய உருளையைக் கழுவுதொட்டியில் கொட்டாமல், பரிசோதிக்க வருபவரிடமே ஒப்படையுங்கள்.