கடையின் இன்னொரு பூட்டு

நுழையும் முன்

வீட்டிற்கும் கடைக்கும் பூட்டு வேண்டும் என்பதை எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை. இன்றோ ஒரு சிறு கடையின் பெரும்பகுதி கணினிக்குள்ளும் கைப்பேசிக்குள்ளும் இருக்கிறது. அதற்கான பூட்டு எது? அதன் சாவி யாரிடம் இருக்கிறது? சிறுதொழில் செய்வோர் தம் கணினியைக் காத்துக்கொள்ளும் முறைகளை இப்பாடம் விளக்குகிறது.

கல்லாப்பெட்டியில் இல்லாத செல்வம்

மும்பையின் தாராவியில் தோல்பைகள் செய்து விற்கும் சிறு பட்டறைகள் பல உள்ளன. தலைமுறைகளுக்கு முன் தமிழகத்திலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற குடும்பங்களும் அங்கே தொழில் நடத்துகின்றன. அத்தகைய ஒரு பட்டறையை எண்ணிப் பாருங்கள். இரவு ஒன்பது மணிக்கு உரிமையாளர் இரும்புக் கதவை இழுத்து மூடுகிறார், இருபுறமும் பூட்டுகிறார், பூட்டை ஒன்றுக்கு இரண்டு முறை இழுத்துப் பார்த்த பின்னரே வீட்டுக்குப் புறப்படுகிறார்.

உள்ளே மேசைமேல் ஒரு பழைய கணினி இருக்கிறது. யார் எவ்வளவு பாக்கி தரவேண்டும், தோல் வாங்கிய வகையில் யாருக்கு எவ்வளவு கொடுக்கவேண்டும், தொழிலாளர் கூலி எவ்வளவு, சரக்கு மற்றும் சேவை வரிக்குக் காட்டவேண்டிய விற்பனை எவ்வளவு என்பன எல்லாம் அதற்குள் உள்ளன. அக்கணினியின் கடவுச்சொல் ‘1234’. அதுவும் ஒரு துண்டுத்தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது.

கல்லாப்பெட்டியில் ஒருநாள் வரவு இருக்கும். கணினியில் பல ஆண்டு உழைப்பின் கணக்கு இருக்கிறது. கல்லாவை உடைத்தால் ஒருநாள் பணம் போகும். கணக்கு அழிந்தால், பாக்கி வைத்தவர் யார் என்பதே தெரியாமற் போகும். பெரிய நிறுவனங்கள் தம் கணினிகளைக் காப்பதற்கென்றே தனித்துறை வைத்திருக்கின்றன. சிறு பட்டறைக்கு அவ்வசதி இல்லை. ‘நம்மிடம் என்ன இருக்கிறது? நம்மை யார் தேடி வரப்போகிறார்கள்?’ என்னும் எண்ணமும் அங்கே நிலவுகிறது. அவ்வெண்ணம் சரியன்று என்பதை உலகம் ஒரு வெள்ளிக்கிழமையன்று கற்றுக்கொண்டது.

2017 மே 12

அன்று உலகின் பல நாடுகளில் கணினித் திரைகள் திடீரெனச் சிவந்தன. ‘உங்கள் கோப்புகள் பூட்டப்பட்டுவிட்டன. 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் செலுத்தினால் திறக்கப்படும். மூன்று நாள் கடந்தால் தொகை இருமடங்காகும்’ என்னும் பொருள்பட ஓர் அறிவிப்பு தோன்றியது. வன்னாக்ரை என்னும் தீநிரலின் வேலை அது. ஏறத்தாழ 150 நாடுகளில் 2 இலட்சத்திற்கும் மேற்பட்ட கணினிகள் அதற்கு இரையாயின. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் நோயாளிகளின் பதிவேடுகளைத் திறக்க இயலவில்லை, சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. இந்தியாவிலும் ஆந்திரக் காவல்துறையின் சில கணினிகளும் கேரள ஊராட்சி அலுவலகக் கணினிகளும் பாதிக்கப்பட்டன.

கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் இவ்வகை நிரலைப் பணயத் தீநிரல் என்பர். கணக்கு, படம், கடிதம் என எல்லாவற்றையும் அது புரியாத குறிகளாக மாற்றிவிடும். இதற்குக் குறியாக்கம் என்று பெயர். மீண்டும் படிப்பதற்கு உரிய திறவுகோல் தாக்கியவரிடம் மட்டுமே இருக்கும்.

வன்னாக்ரையின் குறி மருத்துவமனையும் அன்று, ஊராட்சியும் அன்று. விண்டோஸ் இயங்குதளத்தில் கோப்புகளைப் பகிரும் பகுதியில் ஒரு குறைபாடு இருந்தது. அக்குறைபாடு எந்தக் கணினியில் திருத்தப்படாமல் இருந்ததோ, அதற்குள் தீநிரல் தானாகவே நுழைந்தது. அங்கிருந்து அதே வலைப்பின்னலில் இருந்த அடுத்த கணினிக்குத் தாவியது. உரிமையாளர் பெரியவரா சிறியவரா என்பதை அது பார்க்கவில்லை.

மார்க்கஸ் ஹட்சின்ஸ் என்னும் 22 வயது ஆங்கிலேய இளைஞர் அந்நிரலை ஆராய்ந்தார். அது ஒவ்வொரு கணினியிலும் நுழைந்தவுடன், யாரும் பதிவு செய்யாத ஓர் இணைய முகவரியைத் தேடுவதைக் கண்டார். சுமார் 11 டாலர் செலவில் அம்முகவரியைத் தம் பெயரில் பதிவு செய்தார். தேடிய முகவரியிலிருந்து விடை கிடைத்ததும், தீநிரல் தன் வேலையை நிறுத்திக்கொண்டது. பரவல் தணிந்தது. எனினும், அதற்குள் பூட்டப்பட்டுவிட்ட கோப்புகள் அதனால் திறக்கவில்லை.

முதற்காவல்: புதுப்பித்தல்

இந்நிகழ்வில் வருந்தத்தக்க செய்தி ஒன்றுண்டு. அந்தக் குறைபாட்டைச் சரிசெய்யும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2017 மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. தாக்குதலுக்கு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் முன்னதாகவே மருந்து கைக்கு வந்துவிட்டது, உண்ணாதவர் பலர்.

கணினியோ கைப்பேசியோ ‘புதுப்பிக்கவா?’ என்று கேட்கும்போது ‘பிறகு பார்க்கலாம்’ என்று தள்ளிவைப்பது பலரின் வழக்கம். கடையில் வாடிக்கையாளர் காத்திருக்கையில் அது இயல்பே. ஆயினும், கடை மூடும் வேளையில் அப்பணியைச் செய்துவிடலாம். பழைய இயங்குதளங்களுக்கு நிறுவனங்கள் ஒரு கட்டத்தில் திருத்தம் வழங்குவதை நிறுத்திவிடுகின்றன. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14 அன்றும் வழக்கமான ஆதரவு முடிந்தது. அத்தகைய கணினி ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால், அதில் புதிதாகக் காணப்படும் ஓட்டைகள் அடைபடா.

இரண்டாம் காவல்: படி எடுத்தல்

பழந்தமிழ் நூல்கள் பனையோலையில் எழுதப்பட்டன. ஓலையைக் கரையான் அரிக்கும். தீயும் நீரும் அழிக்கும். ஆகையால், நம் முன்னோர் ஏடுகளைப் படியெடுத்துப் பல ஊர்களில் வைத்தனர். உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பல இடங்களிலிருந்து ஏடுகளைத் திரட்டி ஒப்பிட்டார். ஓர் ஏட்டில் சிதைந்த பகுதிக்கு மற்றோர் ஏடு கைகொடுத்தது. ஒரே ஓர் ஏடு மட்டும் இருந்து, அதுவும் அழிந்திருந்தால், நூலே நமக்குக் கிட்டாமற் போயிருக்கும்.

கணினிக் கணக்கிற்கும் இதுவே வழி. வல்லுநர்கள் இதை 3-2-1 என்னும் எளிய விதியாகக் கூறுவர். கணக்கிற்கு மூன்று படிகள் இருக்கவேண்டும். அவை இரண்டு வெவ்வேறு வகைக் கருவிகளில் இருக்கவேண்டும். அவற்றுள் ஒன்று கடைக்கு வெளியே இருக்கவேண்டும். கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, இணையச் சேமிப்பகத்தில் ஒன்று என வைத்துக்கொண்டால் விதி நிறைவேறும்.

இங்கே கருதவேண்டியவை இரண்டு. ஹார்ட் டிஸ்க் எப்போதும் கணினியுடன் இணைந்தே இருந்தால், பணயத் தீநிரல் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். எனவே, படியெடுத்தவுடன் அதைக் கழற்றி வைக்கவேண்டும். மேலும், எடுத்த படி திறக்கிறதா என்பதை மாதம் ஒருமுறை திறந்து பார்க்கவேண்டும். திறவாத படி இருந்தும் பயனில்லை.

மூன்றாம் காவல்: கடவுச்சொல்

நான்கு இலக்கக் கடவு எண்ணில் மொத்தம் 10,000 வாய்ப்புகளே உண்டு. ஆங்கிலச் சிற்றெழுத்துகள் எட்டினைக் கொண்டு அமைத்தால் ஏறத்தாழ 20,882 கோடி வாய்ப்புகள் உண்டு. கூட்டும் ஒவ்வோர் எழுத்தும் அத்தொகையை 26 மடங்காக்கும். ஆகவே, கடவுச்சொல்லின் வலிமை அதன் நீளத்தில் இருக்கிறது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களைக் கோத்தால், நீளமாகவும் இருக்கும், நினைவிலும் நிற்கும். பெயரும் பிறந்தநாளும் கடைப்பெயரும் ஆகா.

மின்னஞ்சல், வங்கி, கணக்கு மென்பொருள் ஆகியவற்றுக்கு வெவ்வேறு கடவுச்சொற்கள் வேண்டும். ஒரே சாவியால் வீடும் கடையும் பெட்டியும் திறக்குமாயின், அச்சாவியைத் தொலைப்பவர் எல்லாவற்றையும் தொலைப்பார். கடவுச்சொல்லுடன் கைப்பேசிக்கு வரும் எண்ணையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பு இரண்டாவது பூட்டைப் போன்றது. பணியாளர் ஒருவர் வேலையை விட்டுச் செல்லும்போது, கடைச்சாவியை வாங்கிக்கொள்வதுபோல், அவர் அறிந்த கடவுச்சொற்களையும் மாற்றிவிடவேண்டும்.

உதவி என்னும் பெயரில்

கணினி பழுதானால் உதவி தேடுவது இயற்கை. நம்பத்தகுந்த பழுதுநீக்குநரை முன்பே அறிந்துவைத்தல் நன்று. பல சிறு கடைகள் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. நல்ல பழுதுநீக்குநர் செய்த வேலைக்கு ரசீது தருவார். உரிமம் இல்லாத திருட்டு மென்பொருளை நிறுவமாட்டார். வங்கிக் கடவுச்சொல்லைக் கேட்கமாட்டார்.

அழையாமல் வரும் உதவியே ஐயத்திற்குரியது. திரையில் ‘உங்கள் கணினியில் வைரஸ் உள்ளது, உடனே இந்த எண்ணை அழைக்கவும்’ என்று ஓர் அறிவிப்பு அலறும். அழைத்தால், மறுமுனையில் ஒருவர் பணிவாகப் பேசுவார். ஒரு செயலியைப் பதிவிறக்கச் சொல்வார். அதன்வழியே கணினி முழுவதும் அவர் கைக்குப் போய்விடும். வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறி, ஓ.டி.பி. எண்ணைக் கேட்பவரும் உண்டு. மற்றொருவர், ‘பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூ.ஆர். குறியீட்டை வருடி, பின் எண்ணை இடுங்கள்’ என்பார். யு.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை. பணம் கொடுப்பதற்கே அது தேவை. இந்த ஒரு செய்தியை அறிந்திருந்தால் பல கடைகளின் பணம் தப்பும்.

தெரிந்து தெளிவோம்

இந்தியக் கணினி அவசரகால எதிர்வினைக் குழு 2004-ஆம் ஆண்டு முதல் செயற்படுகிறது. நாட்டின் கணினிப் பாதுகாப்புக்கு உரிய தேசிய அமைப்பு இதுவே. இணையவழித் தாக்குதலுக்கு உள்ளான நிறுவனங்கள், அதனை அறிந்த 6 மணி நேரத்திற்குள் இக்குழுவுக்குத் தெரிவிக்கவேண்டும் என 2022 ஏப்ரலில் ஆணை பிறப்பிக்கப்பட்டது. இணையவழிப் பண மோசடிகளைத் தெரிவிக்க நாடு முழுவதற்குமான தொலைபேசி எண் 1930.

நேர்ந்துவிட்டால்

எவ்வளவு காத்தாலும் சில வேளைகளில் தீங்கு நேரக்கூடும். கணினி பாதிக்கப்பட்டதாகத் தோன்றினால், முதலில் அதன் இணைய இணைப்பைத் துண்டிக்கவேண்டும். இதனால் தீநிரல் பிற கணினிகளுக்குத் தாவுவது தடைப்படும். திரையில் தோன்றிய அறிவிப்பைக் கைப்பேசியால் படமெடுத்து வைக்கவேண்டும். பணயத்தொகை கொடுப்பது தீர்வாகாது. கொடுத்தாலும் கோப்புகள் திரும்பக் கிடைக்கும் என்னும் உறுதி இல்லை. கணினியைத் தூய்மை செய்து, எடுத்துவைத்த படியிலிருந்து கணக்கை மீட்பதே வழி.

வங்கிப் பணம் போயிருந்தால், உடனே வங்கிக்கும் 1930 என்னும் எண்ணுக்கும் தெரிவிக்கவேண்டும். மோசடி செய்பவர் பணத்தை ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்கிற்கு விரைந்து மாற்றிக்கொண்டே இருப்பார். அது வெளியே எடுக்கப்படும் முன் தெரிவித்தால், வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு. இங்கே ஒவ்வொரு நிமிடமும் பணத்திற்கு நிகர்.

ஆனால், ஏமாந்தவர் பெரும்பாலும் வெட்கத்தால் வாய் திறப்பதில்லை. ‘பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்?’ என்று தந்தை மறைக்கலாம். ‘அப்பா திட்டுவார்’ என்று பிள்ளை மறைக்கலாம். மறைக்கும் அந்த ஒரு மணி நேரமே மோசடியாளருக்கு வேண்டியது. எனவே, ஏமாந்தவரைக் கடிந்துகொள்ளாத வீடு தன் பணத்தையும் காத்துக்கொள்கிறது.

வீட்டின் இளங்கணினியாளர்

பிற மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், இந்தியிலோ ஆங்கிலத்திலோ வரும் குறுஞ்செய்தியைப் பெற்றோருக்குப் படித்துச் சொல்பவர் பள்ளி செல்லும் பிள்ளையே. கடைக் கணினியில் புதிய மென்பொருளை நிறுவுபவரும் பல வேளைகளில் அப்பிள்ளையே. இது சிறிய பொறுப்பன்று. விலையின்றிக் கிடைக்கிறதே என்று பதிவிறக்கும் ஒரு விளையாட்டோடு தீநிரலும் சேர்ந்து வரலாம். கடையின் கணக்கு அதனால் அழியலாம். ‘உடனே அழுத்து’ என்று அவசரப்படுத்தும் செய்தியைக் கண்டு, சற்றுப் பொறுத்து, அனுப்பியவர் யார் என்று ஆராய்ந்து சொல்லும் பிள்ளையால் அதே கணக்கு காக்கப்படவும் கூடும்.

தாராவிப் பட்டறையின் உரிமையாளர் நாளை இரவும் பூட்டை இருமுறை இழுத்துப் பார்ப்பார். அதற்கு முன், படியெடுத்து ஹார்ட் டிஸ்கைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ள இரண்டு நிமிடம் போதும். திரையோரத்துத் துண்டுத்தாளைக் கிழித்தெறிந்து கடவுச்சொல்லை மாற்ற இன்னும் ஐந்து நிமிடம் போதும். அதைச் செய்யும்படி அவரிடம் எடுத்துச் சொல்ல, வீட்டில் ஒருவர் வேண்டும்.

சொற்பொருள்

தீநிரல் – கணினிக்குத் தீங்கு செய்யும் நிரல்
பணயம் – ஈடாகப் பிடித்துவைக்கும் பொருள்
குறியாக்கம் – பிறர் படிக்க இயலாதவாறு குறிகளாக மாற்றுதல்
படி – நகல்
ஏடு – எழுதப்பட்ட பனையோலைச் சுவடி

பயிற்சி

1. வன்னாக்ரை தீநிரல் எத்தகைய கணினிகளுக்குள் நுழைந்தது?
2. 3-2-1 விதியை ஏட்டுச்சுவடிகளோடு ஒப்பிட்டு விளக்குக.
3. படியெடுத்தபின் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வைப்பது ஏன்?
4. ‘ஏமாந்தவரைக் கடிந்துகொள்ளாத வீடு தன் பணத்தையும் காத்துக்கொள்கிறது’ – இக்கூற்றின் பொருத்தத்தை எழுதுக.
5. உங்கள் வீட்டிலோ அருகிலுள்ள கடையிலோ கணக்கு எங்கே சேமிக்கப்படுகிறது, அதற்கு எத்தனை படிகள் உள்ளன என்பதைக் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக. கடவுச்சொற்களைக் கேட்கவோ எழுதவோ வேண்டா.