முதலாளிக்குப் போன பணம், ஊழியருக்கு வந்த சம்பளம்

சம்பளம் வாங்குவது ஊழியர். அப்படியிருக்க, நெருக்கடிக் காலத்தில் அரசாங்கம் பணத்தை ஏன் முதலாளியிடம் கொடுக்கிறது? நியாயமான கேள்விதான்.

வேலை போனபின் கிடைக்கும் உதவித்தொகை சில மாதங்களில் கரைந்துவிடும். போன வேலை அவ்வளவு எளிதில் திரும்பாது. கடைக்காரருக்கும் அதே நிலைதான். கைப்பக்குவம் தெரிந்த சமையல்காரரை அனுப்பிவிட்டால், வியாபாரம் தேறியதும் அவரைப்போல் இன்னொருவரைத் தேடி அலைய வேண்டும். அதனால்தான் வேலை போகும் முன்பே கைகொடுக்கிறது சம்பள ஆதரவு.

சிங்கப்பூருக்கு இது புதிதல்ல. உலக நிதி நெருக்கடியின்போது, 2009 வரவுசெலவுத் திட்டத்தில் அன்றைய நிதியமைச்சர் தர்மன் சண்முகரத்னம் இதே வழியை எடுத்தார். உள்ளூர் ஊழியரின் மாதச் சம்பளத்தில் முதல் 2,500 வெள்ளிக்கு 12 விழுக்காடு கொடுக்கப்பட்டது. ஊழியர் ஒருவருக்கு மாதம் அதிகபட்சம் 300 வெள்ளி. அதற்காக முதன்முறையாக நாட்டின் கடந்தகால இருப்பு நிதியில் கைவைக்க அதிபர் எஸ்.ஆர்.நாதன் ஒப்புதல் அளித்தார்.

கொவிட்-19 வந்தபோது அந்தத் தொகை போதவில்லை. 2020 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட வேலை ஆதரவுத் திட்டம், முதல் 3,600 வெள்ளிக்கு 8 விழுக்காடு என்று தொடங்கியது. அடுத்த மாதமே அது முதல் 4,600 வெள்ளிக்கு 25 விழுக்காடாக உயர்ந்தது. உணவுத் துறைக்கு 50, விமான, சுற்றுலாத் துறைகளுக்கு 75 விழுக்காடு. கடைகள் மூடப்பட்ட ஏப்ரல், மே மாதங்களில் எல்லாத் துறைகளுக்கும் 75 விழுக்காடு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உணவகத்தில் 2,400 வெள்ளி சம்பளம் வாங்கும் ஒருவருக்கு, அந்த இரு மாதங்களில் மாதம் 1,800 வெள்ளி அரசாங்கத்திடமிருந்து வந்தது. முதலாளி கையிலிருந்து போட்டது 600 வெள்ளி, அதோடு மத்திய சேமநிதிச் சந்தா.

இதற்கு விண்ணப்பப் படிவம் கிடையாது. மத்திய சேமநிதிக் கணக்கில் கட்டப்பட்ட சந்தாவை வைத்தே உள்நாட்டு வருவாய் ஆணையம் தொகையைக் கணக்கிட்டது. சுயதொழில் செய்வோருக்கு மூன்று தவணையாக 9,000 வெள்ளி தரும் தனித் திட்டம் வந்தது. ஆனால் சந்தா இல்லாமல் ரொக்கமாகச் சம்பளம் வாங்கிய ஊழியர்? அவர் பெயருக்கு முதலாளியிடம் ஒரு காசும் வரவில்லை. ஆட்குறைப்பு வந்தால் முதலில் போவது யார் என்று சொல்லவும் வேண்டுமா?

“சந்தா பிடித்தால் கையில் குறைவாகத்தான் வரும்” என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். மாதம் 50 வெள்ளிக்குமேல் சம்பளம் வாங்கும் உள்ளூர் ஊழியருக்குச் சந்தா கட்டுவது முதலாளியின் சட்டக் கடமை. பகுதிநேர வேலைக்கும் அது பொருந்தும். வீட்டுக்கும் முதுமைக்கும் மட்டுமல்ல, கெட்ட காலத்தில் உங்கள் வேலைக்கும் அந்தப் பதிவுதான் காவல்.

இந்த மாதச் சந்தா ஏறியிருக்கிறதா என்று இன்றே கைத்தொலைபேசியில் பாருங்கள்.