வயதுவந்தோரிடம் இன்புளூயன்ஸா ஜுரத்தை அறிந்துகொள்ளும் விதம்

ஜுரம் என்றால் எல்லாம் ஒன்றே என்று கருதும் வழக்கம் கிராமாந்தரங்களில் இன்னும் முற்றிலும் நீங்கவில்லை. மழையில் நனைந்ததால் வந்தது, தண்ணீர் மாறியதால் வந்தது என்று ஏதேனும் ஒரு காரணம் சொல்லி, சுக்குக் கஷாயம் வைத்துக் குடித்து, மூன்றாம் நாள் உடம்பு சற்று இலேசானதும் வயலுக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். பெரும்பாலோர் விஷயத்தில் இதனால் பெரிய கெடுதி நேர்வதில்லை. ஆனால் இன்புளூயன்ஸா என்னும் ஜுரத்தில் ஆபத்து பல சமயங்களில் முதல் நாளன்று வருவதில்லை. குணமாகிவிட்டது என்று எண்ணியிருக்கும்போதே வருகிறது. ஆகையால் அதன் குறிகளைக் குடும்பத்தில் உள்ள ஆண்களும் பெண்களும் முன்னதாகவே தெரிந்துகொள்வது அவசியம்.

இவ்வியாதியின் கொடுமையை இந்தியா 1918-ஆம் வருஷத்தில் கண்டது. அவ்வருஷம் ஜூன் மாதத்தில் பம்பாய்த் துறைமுகத்தில் தலைகாட்டிய ஜுரம் ரயில் பாதைகளின் வழியே உள்நாட்டில் பரவிற்று. அந்த முதல் அலை அவ்வளவு கடுமையாக இருக்கவில்லை. செப்டம்பரில் எழுந்த இரண்டாவது அலையே பெரும் நாசத்தை விளைவித்தது. தேசம் முழுவதிலும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர். சென்னை மாகாணம் பம்பாய் மாகாணத்தைவிடக் குறைவாகவே பாதிக்கப்பட்டதெனினும் இங்கும் சேதம் சிறிதன்று. சாதாரண வருஷங்களில் இந்த ஜுரம் முதியோரையும் சிறு குழந்தைகளையுமே அதிகமாகக் கொண்டுபோகும். 1918-லோ 20 முதல் 40 வயதுக்குட்பட்ட, ஏர் பிடிக்கவும் நாற்று நடவும் வல்ல திடகாத்திரர்களே மிகுதியாக இறந்தனர். அவர்களில் பலருக்கு மரணத்தைக் கொடுத்தது ஜுரத்தைத் தொடர்ந்து நுரையீரலைப் பற்றிய நிமோனியாவாகும். மனிதரைப் பீடிக்கும் இன்புளூயன்ஸா வைரஸ் 1933-இல்தான் லண்டனில் கண்டுபிடிக்கப்பட்டது.

இந்த ஜுரத்தின் முதற்குறி, அது திடீரென்று வருவதே. ஜலதோஷம் மூக்கில் நீர் ஒழுகி, தும்மல் கண்டு, ஓரிரு நாளில் மெல்ல வளரும். அதனுடன் மனிதன் நடமாடிக்கொண்டே இருப்பான். இன்புளூயன்ஸா அப்படியன்று. காலையில் சுகமாக வயலுக்குப் போனவன் மாலையில் குளிர் நடுக்கத்துடன் போர்வையைத் தேடுவான். "விளக்கு வைக்கும் நேரத்தில் வந்தது" என்று நோயாளியே வேளையைக் குறித்துச் சொல்லக்கூடும். உஷ்ணம் பாரன்ஹீட் அளவில் 100 முதல் 104 டிகிரி வரை ஏறும். தலைவலியும், இடுப்பிலும் தொடையிலும் முதுகிலும் அடித்துப்போட்டாற் போன்ற வலியும், எழுந்து நிற்கவும் இயலாத அசதியும், தொண்டை வலியும், சளி வராத வறட்டு இருமலும் சேர்ந்து காணும். மூக்கு ஒழுகுதல் இருக்கலாம். ஆனால் அது பிரதானமாக இராது. வாந்தியும் பேதியும் பெரியவர்களுக்கு அவ்வளவாக உண்டாவதில்லை. தொற்று பட்டபின் ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் வியாதி வெளிப்படும். ஆகவே வீட்டில் ஒருவர் படுத்த இரண்டொரு நாளில் மற்றொருவரும் படுத்தால் சந்தேகம் வலுப்படும். ஜுரம் மூன்று முதல் ஐந்து நாட்களில் தணியும். இருமலும் சோர்வும் இரண்டு வாரம் வரையிலும், சிலருக்கு அதற்கு மேலும் நிற்கும்.

முதியோரிடம் இக்குறிகள் மாறுபடும். அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கு உஷ்ணம் அதிகம் ஏறாமலே இருக்கலாம். கஞ்சியை வேண்டாமென்று தள்ளுதல், பேச்சுத் தடுமாறுதல், நடக்கையில் விழுதல் ஆகியவை மட்டுமே வெளியில் தெரியும். வயதின் தளர்ச்சியென்று இதைச் சும்மா விட்டுவிடுதல் தகாது.

தமிழ்நாட்டில் இந்த ஜுரம் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அதிகமாகக் காணப்படுகிறது. டெங்கு முதலிய வேறு ஜுரங்களும் அம்மாதங்களிலேயே வருவதுதான் சங்கடம். டெங்குவில் கண்ணுக்குப் பின்னால் வலியும், மேனியில் செந்தடிப்பும், பல் ஈறில் இரத்தக் கசிவும் உண்டாகலாம். இருமல் பிரதானமாக இராது. தேங்கிய நீரிலும் சேற்றிலும் வேலை செய்வோரைப் பற்றும் எலிக்காய்ச்சலில் கெண்டைக்கால் தசை தொட்டால் வலிக்கும், கண் சிவக்கும். மலேரியாவில் குளிரும் உஷ்ணமும் வியர்வையும் முறைவைத்து மாறி மாறி வரும். டைபாய்டு நாளுக்கு நாள் படிப்படியாக ஏறும். இவ்வளவும் அறிந்திருந்தாலும், குறிகளை மட்டும் கொண்டு முடிவு கட்டுதல் கைதேர்ந்த வைத்தியருக்கும் எப்பொழுதும் இயலாது. 2020-இல் பரவிய கோவிட் வியாதியை இன்புளூயன்ஸாவிலிருந்து பரிசோதனையின்றிப் பிரித்தறிய முடியாது என்பது அப்பொழுது எல்லோரும் கண்ட விஷயம்.

பெயர் இன்னதென்று தெளிவாகாவிட்டாலும் ஆபத்தை அறிய வழியுண்டு. கைக்கடிகாரமுள்ள எவரும் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. நோயாளி அசையாமல் படுத்திருக்கையில் அவருக்குச் சொல்லாமலே மார்பு எழுந்து தாழ்வதை ஒரு நிமிஷம் முழுவதும் எண்ண வேண்டும். சுகமான பெரியவர் நிமிஷத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுவார். 24-க்கு மேற்பட்டால் கவலைக்கிடம். 30-ஐ எட்டினால் ஒரு நாழிகையும் தாமதிக்கலாகாது. ஒரு வாக்கியத்தைத் தொடர்ந்து சொல்ல முடியாமல் இடையில் மூச்சு வாங்குதல், மார்பு வலி, உதடு நீலம் பாய்தல், புத்தி மயங்குதல், நெடுநேரம் சிறுநீர் கழியாதிருத்தல் ஆகியவையும் அவ்வாறே. இவற்றுள் எது கண்டாலும் 108 ஊர்தியை உடனே அழைப்பதே முறை.

ஜனங்கள் பெரும்பாலும் அறியாத குறி மற்றொன்று உண்டு. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ ஜுரம் விட்டு, பசியெடுத்து, நோயாளி எழுந்து உட்கார்ந்த பிறகு மறுபடியும் ஜுரம் ஏறி, இருமலில் மஞ்சளாகவோ துரு நிறமாகவோ கோழை வருமானால், நிமோனியா தொடங்கியிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். பழைய ஜுரம் திரும்பிற்று என்று மறுபடியும் கஷாயம் வைத்துக்கொண்டிருப்பதில்தான் பல உயிர்கள் போகின்றன. கர்ப்பிணிகளும், நீரிழிவு, ஆஸ்துமா, இருதய வியாதி உள்ளவர்களும் இவ்வளவு தூரம் காத்திருக்கலாகாது. அவர்கள் முதல் நாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவது நலம். ஓசெல்டாமிவிர் என்னும் மருந்து வியாதி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் கொடுக்கப்பட்டால்தான் மிகுந்த பலன் தரும்.

மற்றவர்களுக்கு ஓய்வும், கஞ்சி, மோர், இளநீர் முதலிய பானங்களும், ஜுரத்துக்குப் பாராசிட்டமாலும் போதும். ஆஸ்பிரினும் அதுபோன்ற வலி மாத்திரைகளும் கூடாது. ஒருவேளை டெங்குவாக இருந்தால் அவை இரத்தப்போக்கை அதிகமாக்கும். வைத்தியரிடம் போனவுடன் ஊசி போடச் சொல்லி வற்புறுத்துவது சிலருடைய வழக்கம். பாக்டீரியாக்களைக் கொல்லும் மருந்துகளுக்கு வைரஸின்மீது யாதொரு சக்தியும் கிடையாது. நிமோனியா வந்தவருக்கு அவை உயிர் காக்கும். வெறும் இன்புளூயன்ஸாவுக்கு அவற்றை வாங்குவது பணத்தை விரயம் செய்வதேயாகும்.

கூட்டுறவு சங்கங்கள் இதில் செய்யக்கூடியது கொஞ்சமல்ல. தெர்மாமீட்டர் ஒன்றும், விரல்நுனியில் மாட்டி இரத்தத்தில் உள்ள பிராணவாயுவை அளக்கும் கருவி ஒன்றும் சங்கக் கட்டிடத்தில் வைத்திருப்பதற்குச் செலவு சொற்பமே. அக்கருவியில் 94-க்குக் கீழே எண் காட்டினால் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நடவுக் காலத்தில் ஓர் அங்கத்தினர் படுத்துவிட்டால் அவருடைய வயலில் மற்றவர்கள் முறைபோட்டு வேலை செய்வது பழைய வழக்கந்தான். அதை இதற்கும் அனுசரித்தால், வேலை கெடுமென்று அஞ்சி அவர் ஜுரத்தோடு சேற்றில் இறங்க வேண்டியதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்ளும் தடுப்பூசி முதியோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் நீடித்த வியாதியுள்ளவர்களுக்கும் விசேஷமாக ஏற்றது. மழைக்காலத்துக்கு முன்னரே அதைப்பற்றி வைத்தியரிடம் விசாரிக்கலாம். குறிகள் தோன்றுவதற்கு ஒரு நாள் முன்பிருந்து ஏறக்குறைய ஒரு வாரம் வரையில் நோயாளியின் இருமலிலும் தும்மலிலும் தொற்று வெளிவருமாதலால், அந்நாட்களில் அவர் மாதக் கூட்டத்துக்கு வராமலிருப்பதே சங்கத்துக்கு உபகாரம். தவணைப் பணத்தை வேறொருவர் வசம் கொடுத்தனுப்பலாம்.