நீளமான ரம்பம்தான் நல்ல ரம்பமா?

மாணவர்களே, எங்கள் பள்ளித் திடலின் ஓரத்தில் ஓர் அங்சானா மரம் நின்றது. ஒரு நாள் மாலை அடித்த பலத்த காற்றில் அது வேரோடு சாய்ந்துவிட்டது. மறுநாள் அதை அறுக்க வந்த அண்ணன் தம் வேனிலிருந்து இரண்டு மோட்டார் ரம்பங்களை இறக்கினார். ஒன்று நீளம், மற்றது குட்டை. அவர் முதலில் குட்டையைத்தான் கையில் எடுத்தார்.

"பெருசு இருக்கும்போது ஏன் டீச்சர் சின்னதை எடுக்கிறாரு?" என்று கேட்டான் என் படிவம் மூன்று மாணவன். அண்ணனிடமே கேட்டோம். "கிளைக்கு இது போதும் டீச்சர். நீட்டா இருந்தா முனை எங்க போய்ப் படுதுன்னு தெரியாது" என்றார். அவர் சொன்ன இந்த ஒரு வரியில் நிறைய இயற்பியல் இருக்கிறது.

மோட்டார் ரம்பத்தில் சங்கிலியைத் தாங்கி நிற்கும் நீண்ட இரும்புத் தகட்டைக் கடைக்காரர்கள் 'பார்' என்பார்கள். அதன் நீளத்தை அங்குலத்தில் சொல்வது வழக்கம். இயந்திரத்துக்கு வெளியே, மரத்தை அறுக்கப் பயன்படும் பகுதிதான் கணக்கு. உள்ளே மறைந்திருக்கும் பகுதி சேராது.

எந்த நீளம் வேண்டும்? மரத்தின் விட்டத்தைவிடச் சுமார் 2 அங்குலம் கூடுதலாக இருக்கவேண்டும் என்பது தொழிலாளர்களின் பொதுவான கணக்கு. நிற்கும் மரத்தின் விட்டத்தை எப்படி அளப்பது? அளவுநாடாவைச் சுற்றிப் பிடித்தால் கிடைப்பது சுற்றளவு. அன்று ஒரு மாணவி மிகத் தடித்த கிளையை அளந்துவிட்டு, "94 சென்டிமீட்டர், அதாவது 37 அங்குலம். அப்படியென்றால் 39 அங்குல பார் வேண்டும்!" என்றாள். எல்லாரும் சிரித்தோம். ஆனால் இந்தத் தவறு பெரியவர்களுக்கும் வரும். சுற்றளவை 3.14-ஆல் வகுத்தால்தான் விட்டம். 94-ஐ வகுத்தால் சுமார் 30 சென்டிமீட்டர், அதாவது 12 அங்குலம். 2 அங்குலம் கூட்டினால் 14. அண்ணனின் குட்டை ரம்பம் சரியாக 14 அங்குலம்தான். நடுத்தண்டின் சுற்றளவு 141 சென்டிமீட்டர். அதற்கு எத்தனை அங்குல பார் வேண்டும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

சரி, சின்ன ரம்பத்திலேயே 20 அங்குல பாரை மாட்டிக்கொண்டால் பணம் மிச்சமாகுமே? இங்கேதான் 'குவாசா' என்று நீங்கள் மலாயில் படிக்கும் திறன் வருகிறது. திறன் என்பது விசையை வேகத்தால் பெருக்கி வருவது. ஒரு சிறிய ரம்பத்தின் திறன் 2 கிலோவாட் என்றும், அதன் சங்கிலி வினாடிக்கு 20 மீட்டர் ஓடுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். 2000-ஐ 20-ஆல் வகுத்தால் 100 நியூட்டன். உராய்வில் போவதைக் கணக்கில் விட்டாலும், சங்கிலிக்குக் கிடைக்கும் மொத்த இழுவிசை அவ்வளவுதான். ஏறக்குறைய 10 கிலோ அரிசிப் பையின் எடை!

இந்த 100 நியூட்டனை மரத்துக்குள் இருக்கும் பற்கள் எல்லாம் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். பலரும் பயன்படுத்தும் ஒரு வகைச் சங்கிலியில் ஏறக்குறைய 3.8 சென்டிமீட்டருக்கு ஒரு வெட்டும் பல் உண்டு. 30 சென்டிமீட்டர் கிளைக்குள் 8 பற்கள். ஒரு பல்லுக்கு 12.5 நியூட்டன். அதே இயந்திரத்தில் நீள பாரை மாட்டி, 45 சென்டிமீட்டர் நடுத்தண்டில் இறக்கினால் 12 பற்கள். ஒவ்வொன்றுக்கும் 8 நியூட்டன் சொச்சம்தான். பங்கு குறையக் குறையப் பல்லால் மரத்தைச் சீவ முடியாது, உரசத்தான் முடியும். போதாததற்கு, நீண்ட பாரில் சங்கிலி உரசும் தூரமும் கூடுதல், எண்ணெயும் கூடுதலாக வேண்டும். இயந்திரம் முக்கும், சூடேறும். ஆள் பொறுமையிழந்து அழுத்துவார். அதனால்தான் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் எந்தெந்த நீள பார் பொருந்தும் என்று அதன் கையேட்டிலேயே போட்டிருக்கும். வெளியே விழுவதைப் பார்த்தும் ஓரளவு சொல்லலாம். கூர்மையான சங்கிலியிலிருந்து சீவல் சீவலாக விழவேண்டும். மாவு போலத் தூள் வந்தால் பல் மழுங்கியிருக்கிறது, அல்லது பல்லுக்கு விசை போதவில்லை.

ஆனால் அண்ணன் சொன்னது இதையல்ல, முனையை. சங்கிலி பாரின் மேல்பக்கம் முன்னோக்கி ஓடி, முனையில் வளைந்து, கீழ்ப்பக்கமாக ஆளை நோக்கித் திரும்பி வருகிறது. முனையின் மேல் பாதியில் ஓடும் பல் ஒரு மரக்கட்டையில் சிக்கினால் என்ன ஆகும்? பல் கட்டையை முன்னும் கீழும் தள்ளப் பார்க்கும். கட்டை அசையாது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி அதே விசை திரும்பி வந்து, பாரை மேலேயும் பின்னேயும் எறியும். மேலேயும் பின்னேயும் என்றால், ரம்பத்தைப் பிடித்திருப்பவரின் முகம், கழுத்து, தோள். இது நடப்பது ஒரு வினாடியின் சிறு பகுதிக்குள். கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, கை விலகுவதற்கு அந்த நேரம் போதாது. கைப்பிடிக்கு முன்னால் உள்ள தடுப்பு, சங்கிலியை நிறுத்தும் பிரேக்கை இயக்கும். ஆனாலும் அதையே நம்பி முனையைக் கவனிக்காமல் விடமுடியாது.

8 அங்குலக் கிளையை 20 அங்குல பாரால் அறுத்தால் 12 அங்குலம் மறுபக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். இலைக்கும் கிளைக்கும் நடுவே அந்த முனை எதைத் தொடுகிறது என்று யாருக்குத் தெரியும்? எடையும் சும்மா இருக்காது. ஒரு துடைப்பத்தைக் கைப்பிடி நுனியில் பிடித்துக் கிடையாக நீட்டிப் பாருங்கள், மணிக்கட்டு சொல்லும்.

ரம்பத்தைத் தொடுவது பயிற்சி பெற்ற பெரியவர்களின் வேலை. ஆனால் உங்கள் தாத்தாவோ மாமாவோ டுரியான் தோட்டத்துக்கு ரம்பம் வாங்கப் புறப்பட்டால், முதல்நாளே அளவுநாடாவோடு போய் மரங்களை அளந்து கொடுக்கலாம். 3.14-ஐ மறக்காதீர்கள்.

அன்று கிளைகளெல்லாம் ஒதுங்கிய பிறகு அண்ணன் நடுத்தண்டைச் சுற்றி இருந்ததைக் காலால் தள்ளிச் சுத்தம் செய்தார். பிறகுதான் பெரிய இயந்திரத்தை எடுத்தார். 20 அங்குல பார். அது மரத்துக்குள் இறங்கியபோது மறுபக்கம் இரண்டு அங்குல முனை மட்டும் தெரிந்தது.