எட்டுத் தந்தியில் நான்கைக் கழற்றிய பையன்

ஒலியியல் பாடம் நடத்தும்போது "தந்திக் கருவிகள் சிலவற்றைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் வீணை, வயலின், கிடார் என்று மூன்று பெயர்கள் உடனே வந்துவிடும். நான்காவதாக மாண்டலின் வருவது அபூர்வம். போளூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பெரும்பாலோர் அதை நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அதன் ஒலியைக் கேட்காதவர் குறைவு. 1950, 60களின் திரைப்பாடல்களில் இடையிசையாகக் கிணுகிணுவென்று அடுக்கடுக்காய் ஒலிக்கும் சிறிய தந்திக் கருவி பல இடங்களில் மாண்டலின்தான்.

இந்தச் சின்னக் கருவியை வைத்து ஒலியியல், பின்னம், சமூக அறிவியல் ஆகிய மூன்றையும் பேசலாம். "இது நம்முடைய கருவியா?" என்று கலைப் போட்டிகளின்போது அடிக்கடி எழும் கேள்விக்கும் இதில் ஒரு பதில் இருக்கிறது.

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் 18ஆம் நூற்றாண்டில் மாண்டலின் இன்றைய உருவத்தைப் பெற்றது. பேரிக்காயைப் பாதியாகப் பிளந்தது போன்ற குடம், மெட்டுகள் பதித்த குட்டையான கழுத்து, எட்டுத் தந்திகள். எட்டும் எட்டுச் சுருதி அல்ல. இரண்டிரண்டாக நான்கு இணைகள். ஓர் இணையின் இரு தந்திகளும் ஒரே சுருதியில் இருக்கும். அந்த நான்கு சுருதிகளும் மேற்கத்திய வயலினின் நான்கு தந்திகளுக்கு உரியவையே. வில் கிடையாது. 'பிக்' என்று கடைக்காரர்கள் சொல்லும் சிறு தகட்டால் மீட்ட வேண்டும். மீட்டிய ஒலி சட்டென்று தேய்ந்துவிடும் என்பதால், நீண்ட சுரம் வேண்டுமானால் தகட்டை மேலும் கீழும் விடாமல் அதிரவிட வேண்டும். அந்தக் கிணுகிணுப்பு அப்படி வந்ததுதான். ஒரு குறையைச் சமாளிக்கப் போய் அதுவே கருவியின் அடையாளமாகிவிட்டது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க நகரங்களில் மாண்டலின் மோகம் பிடித்தது. இருபது முப்பது பேர் சேர்ந்து வாசிக்கும் மாண்டலின் குழுக்கள் ஊருக்கு ஊர் இருந்தன. மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் ஆர்வில் கிப்சன் என்பவர் பேரிக்காய்க் குடத்தை விட்டுவிட்டு, வயலினைப் போல மேல்பலகையை வளைவாகச் செதுக்கி மாண்டலின் செய்தார். அவர் பெயரிலான நிறுவனம் 1902இல் தொடங்கியது. முதல் உலகப்போருக்குப் பிறகு நகரங்களில் அந்த மோகம் தணிந்தது. ஆனால் அஞ்சல்வழி விற்பனைப் பட்டியல்கள் மூலம் மலைநாட்டுக் குடியானவர் வீடுகளுக்குள் கருவி ஏற்கெனவே நுழைந்திருந்தது. சீமான்களின் கூடத்தில் பழசாகிப்போன பொருள் கிராமத்துத் திண்ணையில் புதிதாகப் பிறந்தது என்று சொல்லலாம்.

கென்டக்கி மாநிலத்தின் ரோசின் என்ற சிற்றூரில் 1911இல் பிறந்தவர் பில் மன்றோ. எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி. பார்வைக் கோளாறு வேறு. வீட்டில் அண்ணன் ஒருவர் வயலினை எடுத்துக்கொண்டார், இன்னொருவர் கிடாரை எடுத்துக்கொண்டார். மிஞ்சியது மாண்டலின். அதிலும் ஒரு நிபந்தனை: சத்தம் அதிகமாகிவிடக் கூடாது, எட்டுத் தந்தியில் நான்கைக் கழற்றிவிட்டுத்தான் வாசிக்க வேண்டும். பத்து வயதில் தாயையும் பதினாறு வயதில் தந்தையையும் இழந்த அவர், வயலின் வாசிக்கும் தாய்மாமன் பென் வாண்டிவரிடம் போய்ச் சேர்ந்தார். ஊர் நடனங்களுக்கு மாமன் வாசிக்க, இவர் பக்கவாத்தியம். ஆர்னல்டு ஷல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞருடனும் சேர்ந்து வாசித்தார். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியாகவும் இருந்த அவரிடம் தான் கற்றதைப் பிற்காலத்தில் மன்றோ வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

மன்றோ 1939 அக்டோபரில் நாஷ்வில் வானொலியின் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' நிகழ்ச்சியில் இடம்பிடித்தார். அவர் குழுவின் பெயர் 'புளூ கிராஸ் பாய்ஸ்'. அந்தப் பெயரே பின்னர் 'புளூகிராஸ்' என்று ஓர் இசை வகைக்குப் பெயரானது. 'கன்ட்ரி' என்று அமெரிக்கர்கள் சொல்லும் பெரிய மரத்தின் ஒரு கிளை அது. அதுவரை ஓரத்தில் இருந்த மாண்டலினை அவர் குழுவின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். 1945 இறுதியில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் பாஞ்சோவுடன் வந்து சேர்ந்ததும் குழுவின் ஒலி முழுமை பெற்றது.

அந்தக் குழுவில் மேளம் கிடையாது. அப்படியானால் தாளத்தை யார் பிடிப்பது? ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுங்கள். ஒன்றிலும் மூன்றிலும் ஆள் உயர பாஸ் கருவி 'பம்' என்னும். இரண்டிலும் நான்கிலும் மாண்டலின் 'சக்' என்று வெட்டும். வலக்கை எல்லாத் தந்திகளையும் ஒரே வீச்சில் அடிக்க, இடக்கை விரல்கள் அழுத்திய மறுகணமே தளர்ந்து ஒலியை அடைத்துவிடும். சுரம் முழுதாகக் கேட்காது, தட்டல்தான் கேட்கும். தந்திக் கருவியையே தோல் கருவியாக்கும் வித்தை இது. தொடக்கப் பள்ளி வகுப்பில் இதைச் செய்து பார்க்கலாம்: பாதி வகுப்பு பலகையில் 'பம்' தட்டட்டும், மீதிப் பாதி கைதட்டி 'சக்' சொல்லட்டும். இரண்டு நிமிடத்தில் எல்லோருக்கும் பிடிபட்டுவிடும். வேகத்தைக் கூட்டும்போதுதான் சிரிப்பு.

1950களின் பிற்பகுதியில் நாஷ்வில் பாட்டுகளில் வயலின் கூட்டமும் மேளமும் புகுந்தபோது மாண்டலின் பின்னுக்குப் போனது. 1980களில் ரிக்கி ஸ்கேக்ஸ் போன்றவர்கள் அதை வெகுமக்கள் பாட்டுக்குள் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆறு வயதில் மன்றோவின் மேடையிலேயே ஏறி மாண்டலின் வாசித்த சிறுவன்தான் அந்த ஸ்கேக்ஸ்.

இப்போது நம் பக்கம் வருவோம். ஆந்திரத்தின் பாலகொல்லுவில் 1969இல் பிறந்த உ. ஸ்ரீனிவாஸ், ஆறு வயதில் அப்பாவின் மாண்டலினை எடுத்துக்கொண்டார். அவருக்கு வாய்த்த குரு ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது! அவர் பாடுவார், பையன் அதைக் கருவியில் தேடிக் கண்டுபிடிப்பான். இந்த ஒரு செய்திக்காகவே ஆசிரியர்கள் ஸ்ரீனிவாஸைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பேன். கருவியை அறியாத ஒருவர், இசையை அறிந்திருந்ததாலேயே அந்தக் கருவிக்கு ஒரு மேதையை உருவாக்கினார். 1978இல் குடிவாடாவில் அரங்கேற்றம், 1981இல் சென்னை மேடை. 1998இல் பத்மஸ்ரீ. 2014 செப்டம்பர் 19 அன்று, 45 வயதில் சென்னையில் காலமானார்.

கர்நாடக இசைக்கு மாண்டலின் ஏன் ஒத்துவராது என்று நினைத்தார்கள்? கமகம்தான் காரணம். வீணையிலும் மெட்டுகள் உண்டு, ஆனால் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கலாம். மாண்டலினில் இணைத் தந்திகள். இரண்டையும் ஒரே அளவில் இழுப்பது கடினம். சற்றுப் பிசகினாலும் சுருதி பிரிந்துவிடும். அப்படியே இழுத்தாலும், அசைவு முடிவதற்குள் ஒலி தேய்ந்துவிடும். ஸ்ரீனிவாஸ் எட்டுத் தந்திகளை விட்டுவிட்டு ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலினுக்கு மாறினார். இழுக்க எளிது, தாழ்ந்த சுரங்களுக்கு இடம் கூடுதல், மின்பெருக்கத்தால் ஒலியும் நீடிக்கிறது. எஃகுத் தந்தியின் அடியில் காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும் இருக்கும். தந்தி அதிர, சுருளில் மின்னோட்டம் பிறக்கும். மின்காந்தத் தூண்டல் நடத்தும்போது மின்னியற்றியோடு இதையும் எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்.

கென்டக்கிப் பையனுக்கு நான்கு தந்திகளைக் கழற்றியது வீட்டாரின் கட்டாயம். பாலகொல்லுப் பையன் இணைகளைக் கைவிட்டது இசையின் தேவைக்காக. பெரியவனானதும் மன்றோ எட்டுத் தந்திக்கே திரும்பிவிட்டார், ஏனெனில் 'சக்' என்ற வெட்டுக்கு எட்டும் வேண்டும். ஸ்ரீனிவாஸ் திரும்பவில்லை.

"நம்முடைய கருவியா?" என்ற கேள்விக்கு இங்கே வரலாம். அமெரிக்கக் கிராமத்தின் சொந்த இசை என்று கொண்டாடப்படும் புளூகிராஸில் மாண்டலின் இத்தாலியிலிருந்து வந்தது. பாஞ்சோ, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் கொடை. கிடாரின் பூர்வீகம் ஸ்பெயின். நம் கச்சேரியின் வயலினும் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான். நம் திருவண்ணாமலை மாவட்டத்துத் தெருக்கூத்தையே எடுத்துக்கொள்வோம். புரிசை இங்கேதான் இருக்கிறது. கூத்து மேடையின் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களிடம் மத்தளம், தாளம், முகவீணையோடு ஆர்மோனியப் பெட்டியும் இருக்கும். (முகவீணை என்றதும் தந்திக் கருவி என்று எழுதும் மாணவர்கள் உண்டு. அது நாகசுரத்தின் தம்பி போன்ற ஊதுகருவி.) ஆர்மோனியம் பிரான்சில் உருவானது. அகில இந்திய வானொலி 1940இல் அதற்குத் தடை போட்டது, முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தடை நீடித்தது. கமகம் வராது, அந்நியக் கருவி என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். கூத்துக்காரர்கள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. விடிய விடியப் பாடுகிறவனுக்குச் சுருதி தாங்க ஒரு பெட்டி தேவைப்பட்டது, எடுத்துக்கொண்டார்கள்.

கலைத் திருவிழாவுக்குப் பெயர் எழுதும்போது இரண்டு வகைப் பிள்ளைகள் தயங்குகிறார்கள். பேண்டு செட்டில் அப்பாவோடு போய் வாசிக்கும் பிள்ளை, "இது இங்கிலீஷ் கருவி சார்" என்கிறது. கோயில் திருவிழாவில் பம்பை அடிக்கும் வீட்டுப் பிள்ளை வாயே திறப்பதில்லை. முதல் பிள்ளையின் தயக்கத்தை மாண்டலின் கதையால் போக்கிவிடலாம். இரண்டாம் பிள்ளையின் மௌனத்துக்குக் காரணம் வேறு, அது கருவியைப் பற்றியதல்ல. கருவியைத் தொடுகிறவர் யார் என்பதைப் பற்றியது. அங்கே கதை போதாது. ஆசிரியரே அந்தப் பம்பையை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லி, தோலின் இழுவிசை பற்றிய பாடத்தை அந்தப் பிள்ளையை வைத்தே நடத்த வேண்டும்.

தந்தி பாடத்துக்கு வாங்க வேண்டியது அதிகமில்லை. 70 செ.மீ. பலகை, இரண்டு ஆணி, ஒரு கிடார் தந்தி அல்லது தூண்டில் நரம்பு, உயரம் ஒத்த இரண்டு குச்சிகள், அடியில் வைக்க ஒரு காலி டின். ரப்பர் பேண்டு வேண்டாம். அழுத்தும்போது இழுவிசையும் மாறி, விடை குழம்பும். குச்சிகளுக்கு இடையே சரியாக 60 செ.மீ. இருக்கட்டும். தந்தியை மீட்டினால் வருவதைச் 'ச' என்று கொள்ளுங்கள். மூன்றாவது குச்சி ஒன்றைத் தந்தியின் அடியில் மெல்ல நகர்த்தி, 45 செ.மீ. நீளம் மட்டும் அதிரும்படி மீட்டினால் 'ம'. 40 செ.மீ. ஆனால் 'ப'. 30 செ.மீ. ஆனால் மேல் 'ச'. அதாவது நான்கில் மூன்று, மூன்றில் இரண்டு, இரண்டில் ஒன்று. பின்னத்தைக் காதால் கேட்க முடியும் என்று அறியும்போது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் முகம் மாறும்.

மேல் வகுப்பில் ஒரு கேள்வி நிச்சயம் வரும்: கிடாரிலும் மாண்டலினிலும் மெட்டுகளின் இடைவெளி குடத்தை நோக்கிப் போகப் போக ஏன் குறுகுகிறது? ஒவ்வொரு மெட்டும் மீதமுள்ள நீளத்தில் ஏறக்குறைய பதினெட்டில் ஒரு பங்கைக் குறைக்கிறது. மீதம் குறையக் குறைய அந்தப் பங்கும் குறையும். நம் 60 செ.மீ. பலகையில் முதல் மெட்டுக்கு 3.4 செ.மீ. இடைவெளி வரும், பதினோராவதுக்கும் பன்னிரண்டாவதுக்கும் இடையே 1.8 செ.மீ.தான். பன்னிரண்டாவது மெட்டு சரியாக 30இல் வந்து நிற்கும். பெருக்குத் தொடர் நடத்தும் கணித ஆசிரியரிடம் அந்தப் பலகையை அப்படியே கொடுத்துவிடலாம்.